முதுமையடைந்த பூனையும் இரக்கமுள்ள வைத்தியரும்



அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நிறைவுற்று மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு மாணவர் பள்ளிவாசல் முற்றத்தில் என்னை அணுகி ஒரு கேள்வி கேட்டார். அவரது வீட்டில் பன்னிரண்டு வருடங்களாக வளர்ந்துவரும் பூனை, சில மாதங்களாக வீட்டின் மூலைகளிலும், ஒரு முறை தொழுகை விரிப்பின் மீதும் சிறுநீர் கழித்துவிட்டது. தொழும் வீட்டில் நஜீஸ் படுகின்றது என்பதால், அதனைச் சாக்கில் கட்டி மீன் சந்தையில் விட்டுவிடப் போவதாக வாப்பா கூறுகின்றார். அவ்வாறு செய்வது பாவமா என்பதே கேள்வி.

வாப்பாவும் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். நான் அறிந்தவரை நல்ல மனிதர். "மௌலவி, எத்தனை நாளைக்குத்தான் நாங்கள் கழுவிக்கொண்டிருப்பது?" என்று களைப்போடு கேட்டார். அன்று நின்ற நிலையில் இரண்டு வார்த்தைகளே என்னால் கூற முடிந்தது. அவர்களுக்கும், இதே நிலையில் இருக்கும் ஏனைய வீட்டாருக்கும் உரிய விரிவான பதிலை இங்கே கூற விரும்புகின்றேன். எனது தாயார் வளர்த்த பூனையொன்று பதினான்காவது வயதில் நோயுற்றபோது நாங்களும் இதே வாசலில்தான் நின்றோம். ஆதலால், கிதாபுகளில் ஓதியதையும் கையால் கழுவி அறிந்ததையும் சேர்த்தே சொல்கின்றேன்.

முதலில் நஜீஸ் பற்றிய விடயத்தைத் தீர்த்துக்கொள்வோம். பூனையின் சிறுநீர் நஜீஸ் என்பதில் எமது ஷாபிஈ மத்ஹபில் ஐயமில்லை. ஆனால் அது நாயினதோ பன்றியினதோ போன்று ஏழு முறை, அதிலும் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டிய நஜீஸ் அன்று. அசுத்தத்தை நீக்கிவிட்டு, அதன் அடையாளம் அகலும்வரை தூய நீரை ஊற்றிக் கழுவினால் போதுமானது. எமது வீடுகளில் பல தாய்மார் ஏழு முறை கழுவிக் கழுவி அலுத்துப்போய், அந்த அலுப்பைப் பூனையின் மீது காட்டுவதை நான் கண்டிருக்கின்றேன். தொழுகை விரிப்பைச் சுருட்டி அலுமாரியில் வைத்தல், தொழும் அறையின் கதவை மூடிவைத்தல் ஆகிய இரண்டுமே பிரச்சினையின் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்.

பூனையின் எச்சிலோ தூய்மையானது. கஃபு இப்னு மாலிக் (ரழி) அவர்களின் புதல்வி கப்ஷா அவர்கள் தமது மாமனாரான அபூ கதாதா (ரழி) அவர்களுக்கு வுழூச் செய்யத் தண்ணீர் வைத்தபோது, ஒரு பூனை வந்து அருந்த முற்பட்டது. அபூ கதாதா அவர்கள் அது நன்றாக அருந்துவதற்கு வசதியாகப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்போடு நோக்கியபோது, பூனை அசுத்தமானதல்ல என்றும், அது எம்மைச் சுற்றித் திரியும் வீட்டுப் பிராணிகளில் ஒன்று என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதி முதலான நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இனி நோய்க்கு வருவோம். பூனை இயல்பிலேயே தூய்மையை விரும்பும் பிராணி. மண்ணைத் தோண்டி, கழித்து, மூடிவிட்டு வருவது அதன் பிறவிக் குணம். பன்னிரண்டு வருடங்கள் ஒழுங்காக வெளியே சென்று வந்த ஒரு பூனை திடீரென வீட்டினுள் நனைக்கத் தொடங்கினால், அதனைப் பிடிவாதம் என்றோ பழிவாங்கல் என்றோ எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் அது நோயின் முதல் அறிவித்தல். பத்து வயதைத் தாண்டிய பூனை முதுமையில் காலடி வைத்துவிட்டது. பதினான்கு வயதுப் பூனை, மனிதக் கணக்கில் எழுபதைக் கடந்த ஒரு மூத்தவருக்குச் சமமானது. அவ்வயதில் எமது வாப்பாமார் இரவில் எத்தனை முறை எழுந்து செல்கின்றனர் என்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதிய பூனைகளிடத்தில் மிகப் பரவலாகக் காணப்படுவது சிறுநீரக நோய். சிறுநீரகங்களின் மூன்றில் இரண்டு பங்கு அளவு செயலிழந்த பின்னரே வெளியில் அறிகுறிகள் தென்படுகின்றன என்பதால், நாம் கவனிக்கும்போது காலம் கடந்திருக்கும். அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், அதிகமாகச் சிறுநீர் கழிக்கும், மெலியும், உரோமம் பொலிவிழக்கும், வாய் நாறும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் தண்ணீர் குடித்தால் அது நோய் என்பது மிருக வைத்தியர்களின் கணக்கு. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு அது 400 மில்லிலீற்றர். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போகும் பூனைக்குக் கேடயச் சுரப்பி நோய் அல்லது நீரிழிவு இருக்கலாம். மூட்டு வலியுள்ள பூனை, மதிலைத் தாண்டி வெளியே செல்ல இயலாமையினாலேயே வீட்டினுள் கழித்துவிடுகின்றது. அதற்கு வேண்டியது விளிம்பு தாழ்ந்த ஒரு மணல் தட்டு மாத்திரமே.

ஆண் பூனையொன்று மீண்டும் மீண்டும் முக்கியும் சிறுநீர் வெளியேறாவிட்டால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்க வேண்டாம். சிறுநீர்ப் பாதை அடைபட்ட பூனை ஓரிரு நாட்களில் இறந்துவிடும்.

வேறொரு எச்சரிக்கையும் உண்டு. பூனைக்குக் காய்ச்சல் என்று எண்ணி, நாம் விழுங்கும் பரசிட்டமோல் மாத்திரையை உடைத்துக் கொடுப்போர் எம் மத்தியில் இருக்கின்றனர். அம்மருந்தைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதியளவு இல்லை. குருதி ஒட்சிசனைச் சுமக்கும் தன்மையை இழந்து, முரசு கபில நிறமாகி, முகம் வீங்கி அது மூச்சுத் திணறும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் உயிரைப் போக்கப் போதுமானது. இரக்கத்தோடு கொடுக்கப்பட்டது என்பதற்காக நஞ்சு நஞ்சில்லாமல் போய்விடுவதில்லை.

சரி, நோய்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பூனைக்காக வைத்தியரைத் தேடி அலைய வேண்டுமா, பணம் செலவிட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானாகத் தேடி உண்ணவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதியை புஹாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் வரும் ஹதீஸின் மூலம் நாம் யாவரும் அறிவோம். அதனைச் சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். அதிகம் பேசப்படாத ஒன்றை இங்கு சொல்கின்றேன். ஹிஜ்ரி 660இல் மரணித்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், 'கவாஇதுல் அஹ்காம்' எனும் தமது நூலில், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை எண்ணிக் கூறுகின்றார்கள். அவற்றுள் முதன்மையாக, பிராணி முடமாகியோ நோயுற்றோ எவ்விதப் பயனும் தராத நிலையை அடைந்தாலும் அதற்குரிய செலவை உரிமையாளர் செய்தாக வேண்டும் என்பதைக் குறிப்பிடுகின்றார்கள். எலி பிடித்த காலம் முடிந்ததோடு எமது பொறுப்பும் முடிந்துவிடவில்லை என்பது இதன் பொருள்.

அபூதாவூதில் வரும் ஒட்டகத்தின் சம்பவத்தையும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அன்ஸாரிகளில் ஒருவரது தோட்டத்தில் நபி (ஸல்) அவர்களைக் கண்ட ஓர் ஒட்டகம் கண்ணீர் வடித்தது. அவர்கள் அதன் காதின் பின்புறத்தைத் தடவிக்கொடுத்ததும் அது அமைதியடைந்தது. அதன் சொந்தக்காரர் யார் என்று வினவியபோது முன்வந்தவர் ஓர் இளைஞர். அதனைப் பட்டினி போட்டு, ஓயாது வேலை வாங்குவதாக அது முறையிட்டதை அவருக்கு எடுத்துக் கூறி, அவ்விடயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறு கண்டித்தார்கள். முறையீட்டைக் கேட்பதற்கு முன்னர் தடவிக்கொடுத்தார்கள் என்ற அந்த ஒழுங்கு, நான் பின்னர் சொல்லப்போகும் வைத்தியரைக் கண்டபோதுதான் எனக்கு உறைத்தது.

இடையில் ஒரு சொல். நபி (ஸல்) அவர்களுக்கு 'முஅஸ்ஸா' என்றொரு பூனை இருந்ததாகவும், அது ஆடையின் மீது உறங்கியபோது அதனை எழுப்பாமல் கையின் பகுதியை வெட்டி எடுத்ததாகவும் ஒரு கதை எங்கும் பரவியுள்ளது. ஹதீஸ் கிரந்தங்களில் அதற்கு ஆதாரம் கிடையாது. ஆதாரபூர்வமான செய்திகள் இத்தனை இருக்கையில், ஆதாரமற்றதைச் சொல்லித்தான் பிள்ளைகளுக்கு இரக்கத்தைப் போதிக்க வேண்டுமா?

இனி வைத்தியரைத் தேடும் விடயம். எமது நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மிருக வைத்தியத் தொழில் புரிபவர் மிருக வைத்திய சபையில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். மருந்துக் கடைக்காரரும் கோழித்தீன் விற்பவரும் தருகின்ற ஆலோசனை வைத்தியம் ஆகாது. பிரதேசங்கள் தோறும் அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் உள்ளன. அங்குள்ள வைத்தியர்களின் வேலைப்பளு பெரிதும் மாடு, ஆடு, கோழிகளைச் சார்ந்தது. எனினும் எங்கு செல்வது என்று வழிகாட்ட அவர்களைவிடப் பொருத்தமானோர் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தோடு இணைந்த போதனா வைத்தியசாலையில் பூனை, நாய்களுக்கும் சிகிச்சை அளிக்கப்படுகின்றது. கொழும்பு, கண்டி போன்ற நகரங்களில் தனியார் சிகிச்சை நிலையங்களும் உண்டு.

அறிவும் பட்டமும் யாவருக்கும் பொது. இரக்கத்தைத்தான் நாம் தேடிப் பார்க்க வேண்டியுள்ளது. உம்மாவின் பூனையை நான் முதலில் கொண்டு சென்றது பேர்போன ஓர் இடத்துக்கு. பெயர் இங்கு அவசியமில்லை. நானும் அறிவீனமாக அதனை ஓர் உரப்பையில் இட்டு, முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக் கொண்டு சென்றேன். அங்கே குரைக்கும் நாய்களுக்கு மத்தியில் ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். அழைக்கப்பட்டதும், பையிலிருந்து அதனைப் பிடரியில் பிடித்து இழுத்து மேசையில் அழுத்தினார்கள். ஊசி ஏற்றப்பட்டது. "கிழட்டுப் பூனை, இனி இப்படித்தான்" என்று கூறப்பட்டது. எத்தனை நாட்களாக இப்படி என்றோ, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது என்றோ ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. வீடு வந்த பூனை இரண்டு நாட்கள் கட்டிலின் கீழிருந்து வெளிவரவில்லை. உம்மா என்னோடும் ஒரு நாள் பேசவில்லை.

பின்னர் ஓர் உறவினர் மூலம் வேறொரு வைத்தியரைப் பற்றி அறிந்தோம். சிங்களம் பேசும் ஒரு பெண் வைத்தியர். அவர் தொலைபேசியிலேயே, பூனையை மூடியுள்ள கூடையில் கொண்டுவரும்படியும், பயணத்துக்குச் சில நாட்கள் முன்பிருந்தே அக்கூடையை வீட்டில் திறந்து வைத்து, அது படுத்துறங்கும் பழைய துணியை உள்ளே இடும்படியும் கூறினார். நாய்கள் இருந்தால் முச்சக்கர வண்டியிலேயே காத்திருக்கலாம், அழைப்பேன் என்றார். நாங்கள் உள்ளே சென்றதும் அவர் பூனையைத் தொடவில்லை. கூடையின் வாயைத் திறந்து வைத்துவிட்டு, உம்மாவிடம் கேள்விகளைக் கேட்டார். ஐந்து நிமிடமளவில் அது தலையை வெளியே நீட்டியது. கூடையின் மேல்மூடியைக் கழற்றி, அது அமர்ந்திருந்த இடத்திலேயே வைத்துப் பரிசோதித்தார். நிறுத்துப் பார்த்து, முந்திய எடை தெரியுமா என்றார். நான்கு கிலோப் பூனை 400 கிராம் குறைவது, அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ குறைவதற்குச் சமம் என்று அவர் விளக்கியபோதுதான் எனக்கு நிலைமை புரிந்தது.

பூனையைப் பிடரியில் பற்றித் தூக்குவது அதற்கு அச்சத்தையும் வேதனையையும் தரும் என்பதால், அதனைத் தவிர்க்குமாறு பூனை வைத்தியம் சார்ந்த சர்வதேச அமைப்புகள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலில் அறிவுறுத்தியுள்ளன என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன். ஆகவே பிள்ளைகளே, வைத்தியரின் கையைப் பாருங்கள். நகத்துக்கு அஞ்சித் துவாயினால் சுற்றிப் பிடிப்பது குற்றமன்று. அது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. அவர் அவசரப்படுகின்றாரா, கேள்வி கேட்கின்றாரா, குருதியும் சிறுநீரும் பரிசோதிக்காமல் மருந்து தருகின்றாரா, தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி வேறிடம் அனுப்பும் மனம் உடையவரா என்பவற்றைக் கவனியுங்கள்.

செலவையும் முன்கூட்டியே வினவுங்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின்னர் மருந்து விலைகள் எந்நிலையை அடைந்தன என்பதை நாம் அனைவரும் அறிவோம். கேட்பதில் வெட்கம் வேண்டாம். இரக்கமுள்ள வைத்தியர், "இந்தப் பரிசோதனை கட்டாயம், மற்றது பின்னர் பார்க்கலாம்" என்று பிரித்துச் சொல்வார். எமக்கு அந்த அம்மையார் அவ்வாறே சொன்னார். சக்திக்கு மீறிய சுமையை மார்க்கம் எவர் மீதும் வைக்கவில்லை. கடன்பட்டாவது அனைத்தையும் செய்யுங்கள் என்று நான் கூறவில்லை. சாக்கில் கட்டுவதற்கும் கடன்படுவதற்கும் இடையில் நிறைய வழி இருக்கின்றது.

பரிசோதனையின் முடிவு சிறுநீரக நோய் என்று வந்தது. குணப்படுத்த முடியாது என்பதை அவர் ஒளிக்கவில்லை. ஈரப்பதமான உணவு, வாந்தியுணர்வைத் தணிக்கும் மருந்து, வாரத்தில் இரு முறை தோலின் கீழ் ஏற்றும் நீர்மருந்து ஆகியவற்றால் அதன் மீதி நாட்களை இலகுவாக்கலாம் என்றார். ஊசி ஏற்றும் முறையை எனது தங்கைக்குக் கற்றுக் கொடுத்தார். ஏழு மாதங்கள் கழிந்தன. அவற்றுள் ஐந்து மாதங்கள் அது வெயிலில் படுத்து, மீன் துண்டுக்குச் சண்டையிட்டு, தன் பழைய குணத்தோடு இருந்தது.

இறுதி மாதத்தில்தான் கடினமான பேச்சு வந்தது. வேதனை தாங்க முடியாத நிலையில், உறக்க ஊசி மூலம் உயிரை முடித்துவைக்கும் வழியும் உண்டு என்று வைத்தியர் மெதுவாகச் சொன்னார். உம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். எமது அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும், மலபாரைச் சேர்ந்த ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் 'ஃபத்ஹுல் முஈன்' எனும் ஷாபிஈ நூல், உண்ணப்படாத பிராணியை, வேதனையிலிருந்து விடுவிக்கும் நோக்கத்திலாயினும் அறுப்பது கூடாது என்று, முடமான கழுதையை உதாரணம் காட்டிக் கூறுகின்றது. ஹனபி மத்ஹபின் நூல்களிலோ, நோயுற்றுத் தேறாத கழுதையை அறுத்து அதற்கு ஓய்வளிப்பதில் தவறில்லை என்ற கருத்து இடம்பெற்றுள்ளது. தேறும் நம்பிக்கை அற்று வதைபடும் பிராணியின் விடயத்தில் அனுமதி வழங்கும் சமகால அறிஞர்களும் உள்ளனர். செலவைத் தவிர்ப்பதற்காகவோ கழுவும் சிரமத்துக்காகவோ உயிரை முடிப்பதற்கு இவர்களில் எவரது கருத்தும் இடமளிக்காது. உங்கள் வீட்டில் அந்த நாள் வந்தால், வைத்தியரின் அறிக்கையோடு உங்கள் ஊர் ஆலிமிடம் செல்லுங்கள். வெறும் கேள்வியோடு செல்ல வேண்டாம். நோயின் நிலை தெரியாமல் தீர்ப்புச் சொல்வது எமக்கும் கடினம்.

எமது மத்ஹபின் நிலையை நான் அந்த வைத்தியரிடம் தயக்கத்தோடு எடுத்துரைத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை, வாதிடவுமில்லை. "அப்படியானால் வலியைக் குறைப்பதுதான் எங்கள் வேலை" என்று கூறி, வலி தணிக்கும் மருந்தின் அளவை எழுதி, இரவிலும் அழைக்கலாம் என்று தொலைபேசி இலக்கத்தையும் தந்தார். இரண்டு இரவுகள் அழைத்தோம். இரண்டு முறையும் எடுத்தார். எனினும் அந்தக் கடைசி நாள் இலகுவாக இருக்கவில்லை. நாங்கள் எடுத்த முடிவின் பாரம் சில வேளைகளில் இன்றும் என் மனதில் இறங்கும். அதனை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை கூறுவது நேர்மையாகாது.

அது உம்மாவின் தொழுகை அறைக்கு வெளியே, தன் துணியின் மீது, ஸுப்ஹுக்குச் சற்று முன்னர் இறந்தது. கொல்லையில் பலா மரத்தடியில், நாய்கள் தோண்டாத ஆழத்தில் புதைத்தோம். மறுநாள் மீதி மருந்துப் புட்டிகளைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, இன்னொரு வீட்டாருக்குக் கொடுக்கலாம் என்று வைத்தியர் வாங்கி வைத்துக்கொண்டார்.

பள்ளிவாசல் முற்றத்தில் கேள்வி கேட்ட மாணவரைப் பற்றியும் சொல்லிவிடுகின்றேன். அந்த வெள்ளிக்கிழமை நான் கூறிய இரண்டு வார்த்தைகள், "தண்ணீரை அளவுங்கள்" என்பதுதான். மூன்று நாட்கள் அளந்துவிட்டு, காலையில் ஊற்றியது இவ்வளவு, இரவில் எஞ்சியது இவ்வளவு என்று எழுதிய அப்பியாசக் கொப்பித் தாளோடு மகன் அல்ல, வாப்பாவே வந்தார். நாளொன்றுக்கு 450 மில்லிலீற்றர். அந்த வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தேன். கூடை இருக்கிறதா என்று கேட்டேன். பழக்கூடையொன்று இருப்பதாகவும், அதற்கு மூடி செய்ய மகன் கம்பி வாங்கப் போயிருப்பதாகவும் கூறினார்.